ஏணிதான் விழுந்தது

கொக்கட்டிச்சோலை
17.08.1998

தான்தோன்றீஸ்வரர் துணை.

கட்டார் நாட்டு வெயிலில் வேகும் அன்பு மச்சான் யோகராசாவுக்கு, ஒரு காலைத் தலையணைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு உன் அக்கா புருசன் சாமித்தம்பி மேசன் எழுதிக்கொள்வது. இவ்விடம் என் வலது காலைத் தவிர அனைவரும் சுகம். நீயும் இரண்டு காலோடும் சுகமாயிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. “ஏணியால விழுந்தீங்களாமே” என்று எழுதியிருந்தாய். மச்சான், முப்பது வருசமாக மாடிச்சுவர் பூசுகிறவன் நான். ஒருநாளும் விழுந்ததில்லை, அன்றைக்கும் விழவில்லை. ஆரையம்பதியில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் கனகசிங்கம் கொந்தராத்துக்காரரின் மாடிக் கட்டடத்தில் பூச்சுவேலை. அவர் தந்த மூங்கில் ஏணியில் ஒரு படி உளுத்துப்போய்ப் பட்டென்று முறிந்தது, ஏணி சரிந்தது, அதில் நின்றபடியால் நானும் கூடவே வந்து சேர்ந்தேன். பூச்சுக் கரண்டியைக்கூடக் கைவிடவில்லை. ஆசுபத்திரியில் காலுக்குப் பிளாஸ்டர் போட்டார்கள். திரும்பி வரும்போது தோணித் துறையடியில் ஆமிக்காரன் காலைத் தட்டிப்பார்த்து “சிமெந்தியா?” என்றான். வாவிக்கு இந்தப் பக்கம், நம் படுவான்கரைக்கு, இயக்கம் பங்கர் கட்டும் என்று சிமெந்து கொண்டுவரத் தடையல்லவா, நான் காலில் பூசிக் கடத்துகிறேன் என்று நினைத்துவிட்டான்.

மறுகா, இரண்டு நாள் கழித்து, கனகசிங்கம் நாலு தோடம்பழத்தோடு வந்தார். “தலசுத்தி விழுந்திட்டீங்க, உங்கட கெட்டகாலம்” என்றார். போனவர் போனவர்தான். கால் முறிந்ததைவிட அந்தத் தலைசுற்றல் கதைதான் எனக்குச் சுட்டது. தலைசுற்றுகிற மேசனை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

அப்போதுதான் உன் அக்கா அன்னப்பூரணி, ஒரு அரசாங்கக் கந்தோர்ப் படியும் மிதித்தறியாதவள், தோணியேறி டவுனுக்குப் போய், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் என்று ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கிடக்கிறது என்று கண்டுபிடித்து வந்தாள். வேலை செய்யும்போது அடிபட்டால் வேலை கொடுத்தவர்தான் பொறுப்பாம். “கடதாசி குடுத்தாச்சு. விசாரணையில நீங்க விழுந்தன் எண்டு மட்டும் சொல்லுங்க, மத்ததச் சட்டம் பாக்கும்” என்றாள். விழாதவன் எப்படியடா சொல்லுவது?

விசாரணைக்கு வைத்த முதல் தவணையன்று ஆமியின் சுற்றிவளைப்பு. அடுத்த தவணையன்று தோணி ஓடவில்லை. மூன்றாம் தவணைக்கு ஒருவழியாய்ப் போய்ச் சேர்ந்தோம். விசாரணை ஐயா கேட்டார், “ஏணியால விழுந்தீங்களா?” உன் அக்கா பின்னாலிருந்து இருமினாள்.

“இல்ல ஐயா. ஏணிதான் விழுந்தது. நான் அதில நிண்டன்.”

அக்கா தலையில் கை வைத்தாள். ஐயா பேனையை வைத்துவிட்டுக் கனகசிங்கத்தைப் பார்த்தார்.

“ஏணி ஆருட?”

“என்ட.”

“நல்லா இருக்கா எண்டு கடைசியா எப்ப பாத்தீங்க?”

அப்போது முனாப் எழும்பினான். காத்தான்குடி முஸ்லிம் ஆள், அதே கட்டடத்தில் பெயின்ட் அடித்தவன், இன்றைக்கும் கனகசிங்கத்திடம்தான் வேலை. முறிந்த படியைப் பழைய சாரத்துணியில் சுற்றி நாலு மாதம் ஒளித்து வைத்திருந்திருக்கிறான். “இத ஒருக்காப் பாருங்க சேர்” என்று மேசையில் வைத்துத் தட்டினான். உளுத்த தூள் மா மாதிரிக் கொட்டியது. தமிழனும் முஸ்லிமும் ஒருத்தரையொருத்தர் சந்தேகிக்கும் இந்தக் காலத்தில் எனக்காக இரண்டு சோதனைச்சாவடி தாண்டி வந்தவன் அவன். நான் அழுதுவிட்டேன் மச்சான்.

நட்டஈடும் வைத்தியச் செலவும் கனகசிங்கம் கொடுக்கவேண்டும் என்று கட்டளை வந்தது. இப்போது அவர் இரும்பு ஏணி வாங்கி, கீழே ஒருவன் பிடிக்காமல் யாரையும் ஏற விடுவதில்லையாம். படுவான்கரை மேசன்மாரெல்லாம் சட்டம் கேட்டு நம் வீட்டுக்கு வருகிறார்கள். உன் அக்கா விளக்குகிறாள், நான் கால்நீட்டி இருந்து தலையாட்டுகிறேன். அவளை நினைக்க எனக்குச் சரியான பெருமை.

நீயும் அங்கே உயரத்தில் வேலை செய்கிறவன். ஏறமுன் படியை உதைத்துப் பார். ஏறிய இடமெல்லாம் பத்திரமாய் இறங்கிவர ஆசீர்வதிக்கும்,

சாமித்தம்பி மேசன்

பி.கு.: இதைத் தபாலில் போடமுன், கட்டளைக் கடிதத்தைக் கண்ணாடி பிரேம் போட்டுச் சுவரில் மாட்டச் சாப்பாட்டு மேசைக் கதிரையில் ஏறினேன். இப்போது இடது காலும் போய்விட்டது. சொந்த வீட்டில் நடந்ததற்குச் சட்டத்தில் வழியில்லையாம், அக்கா விசாரித்துவிட்டாள். கதிரை கெட்டியான முதிரை மரத்தில் செய்தது, வைத்த இடத்திலேயே நிமிர்ந்து நிற்கிறது. விழுந்தது நான்தான். தலை கொஞ்சம் சுற்றியது. கனகசிங்கத்தின் காதுக்கு இது எட்டக்கூடாது.