தம்கட்டி சுடப் போன கதை

உங்களுக்கு வேறு சோலியே கிடையாதா? ஊரில் எத்தனையோ நல்ல மனுஷர்கள் இருக்கிறார்கள். வேளாவேளைக்குச் சாப்பிட்டு, மழை வந்தால் குடை பிடித்து, ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. நான் மேலகரத்துக்காரி என்று தெரிந்தால் போதும், "அந்தத் தம்கட்டி உங்க கொழுந்தனாராமே, துப்பாக்கிப் போட்டியில என்னதான் நடந்துச்சு?" என்று வந்து நிற்கிறீர்கள். அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் காது இரண்டும் முறம் மாதிரி விரிந்துவிடுகிறது. வெட்கமாக இல்லை? சரி, கிட்ட வாருங்கள். சத்தமாகச் சொல்ல முடியாது.

குற்றாலம் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சல்லடை போட்டுத் தேடினாலும், மூச்சு விடாமலே பேர் வாங்கியவர் அவர் ஒருத்தர்தான். மற்றவர்கள் செத்த பிறகு செய்வதை அவர் உயிரோடு இருக்கும்போதே செய்து காட்டினார்.

பேசிக்கொண்டே இருப்பார். "மதினி, அந்தக் கொத்தமல்லிய..." என்பார். அவ்வளவுதான். வாய் திறந்தபடி நிற்கும், ஒரு கண் சுருங்கும், மூச்சு நின்றுபோகும். எதிர்வீட்டு மாடியில் ஒரு காக்கா உட்கார்ந்திருக்கும். மனசுக்குள் அதைக் குறி பார்க்கிறார். காக்கா பறந்த பிறகுதான் "...கிள்ளிக் குடுங்க" என்று மீதி வரும். அதற்குள் குழம்பு கொதித்து இறங்கியிருக்கும். அதனால்தான் தெருவே அவருக்குத் தம்கட்டி என்று பேர் வைத்தது. அம்மா அப்பா வைத்த பேர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

அவர் ஆயுதப்படைப் போலீஸ். சர்வீஸ் முழுக்கத் துப்பாக்கியும் கையுமாக ஒரு கஜானா வாசலில் நின்றார். களவாணி ஒருத்தன்கூட வரவில்லை. ஒரு ஆடு வந்தது. அதையும் "ச்சூ" என்று சொல்லித்தான் விரட்டினார். வருஷத்துக்கு ஒரு தடவை பயிற்சிக்குக் கூட்டிப் போய்ச் சுடச் சொல்வார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் சுடுவார்கள். யார் குண்டு எங்கே போனது என்று அங்கிருந்த மண்மேட்டுக்குத்தான் தெரியும்.

ரிட்டயர்டு ஆகி மாலையோடு வந்து இறங்கிய அன்றைக்கே அவர் மச்சினன் கேட்டுவிட்டான்.

"அத்தான், துப்பாக்கிய சொமந்தீய, சரி. எதையாவது சுட்டீயளா?"

பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்திருந்தது, அதனால் கொஞ்சமாகச் சிரித்தேன். அவர் மட்டும் இலையை மடக்கிவிட்டு எழுந்து போனார்.

அதற்கப்புறம்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. வெகுதூரத்தில் ஒரு பலகையை நட்டு, அதில் வட்டம் வட்டமாகப் போட்டு, நடு வட்டத்தில் சுட வேண்டும். நடுவில் பட்டால் பத்து மார்க். அதற்குப் போட்டியெல்லாம் நடக்கிறதாம். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். எங்கள் வீட்டு வாசலில் படுத்துக்கொண்டு இலஞ்சி ரோட்டு முக்கில் இருக்கிற டீக்கடைப் பாய்லரைச் சுடுகிற தூரம் என்றார். டீக்கடைக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் அன்றைக்கே பாய்லரை உள்ளே தள்ளி வைத்துவிட்டார்.

மலையடிவாரத்தில் இருந்த ஒரு ரைபிள் கிளப்பில் போய்ச் சேர்ந்தார். முதல் நாள் போய்விட்டு வந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"என்ன கொழுந்தனாரே, சுட்டீரா?"

"கோச்சு குண்டு தரமாட்டேங்காரு மதினி. முதல்ல கொஞ்ச மாசம் குண்டு இல்லாமச் சுட்டுப் பழகணுமாம்."

"அதத்தான் நீரு சர்வீசு பூரா பழகிட்டீரே!"

ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆனால் ஆர்டர் என்றால் அவருக்கு ஆர்டர். குப்புறப் படுத்துக்கொண்டு, ஒட்டடைக்கம்பைத் தோளில் சாத்தி, அதன் நுனியில் ஒரு புளியங்கொட்டையை வைப்பார். மூச்சை அடக்கி, இல்லாத விசையை மெள்ள மெள்ள இழுப்பார். கொட்டை விழாவிட்டால் சுட்டது சரி. விழுந்தால் முதலிலிருந்து. எங்கள் வீட்டுப் புளியில் கொட்டை எடுக்கிற வேலை எனக்கு மிச்சம். வீட்டில் ஒட்டடை மட்டும் ஜடை போடுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

வீட்டுக்குள் தூரம் போதவில்லை என்று குற்றாலம் ரோட்டோரம் வாய்க்கால் கரையில் பாயை விரித்தார். சீசன் நேரம். குளித்துவிட்டுத் திரும்பிய ஒரு வேன் அங்கே நின்றது. எல்லோரும் வெளியூர்க்காரர்கள். தலையில் எண்ணெயும் கையில் பழமுமாக இறங்கிப் பார்த்தால், ஒரு பெரிய மனுஷன் குப்புறக் கிடக்கிறார். கண் ஒன்று திறந்திருக்கிறது, ஒன்று மூடியிருக்கிறது.

ஒருத்தர் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஐயையோ, மூச்சு இல்ல!"

"எண்ணெய் தேச்சவுடனே அருவியில நின்னுருப்பாரு."

"கையில கம்ப எப்படிப் புடிச்சிருக்காரு பாரு. பாம்ப அடிக்க வந்திருப்பாரு, அது முந்திக்கிடுச்சு."

ஒரு அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். இன்னொருத்தர் 108-க்குப் போன் போட்டார். இவருக்கு எல்லாம் காதில் விழுகிறது. ஆனால் புளியங்கொட்டை நுனியில் இருக்கிறதே! அசைவாரா? விசையை முழுக்க இழுத்து முடித்தார். பிறகு மாடு பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு மூச்சு விட்டு, "பத்து!" என்று கத்தினார்.

வேன்காரர்கள் விழுந்தடித்து ஓடியதில் ஒரு சீப்பு வாழைப்பழம் அங்கேயே கிடந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். "வந்தது வந்துட்டோம்லா" என்று பிரஷர் பார்த்தார்கள். அவருக்குச் சரியாக இருந்தது. பார்த்தவருக்குத்தான் கொஞ்சம் ஏறியிருந்ததாம்.

ஒருவழியாகக் கிளப்பில் குண்டு கொடுத்தார்கள். குண்டு கைக்கு வந்ததும் காற்று வந்து குறுக்கே நின்றது. உங்களுக்குத் தெரியும், எங்கள் ஊர்க்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து ஆளையே தள்ளும். தென்காசிக் கோபுர வாசலில் நின்றால் முந்தானையை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அவ்வளவு தூரம் போகிற குண்டைச் சும்மா விடுமா? வழியிலேயே ஒதுக்கிவிடுகிறது. அதனால் சுடுவதற்கு முன்னால் காற்றைப் படிக்க வேண்டும் என்று கோச் சொல்லிவிட்டார். கிளப்பில் அதற்காகக் கொடி நட்டிருக்கிறார்கள். வீட்டில் கொடிக்கு எங்கே போவது?

மொட்டைமாடிகளில் காய்கிற சேலையைப் படிக்க ஆரம்பித்தார். தூரத்தில் இருக்கிற மாடிக்குப் பைனாகுலர் வேறு.

"நைலெக்ஸ் ஆடுனா சின்னக் காத்து மதினி. நூல்சேலை ஆடுனா நடுத்தரம். ஜமுக்காளமே ஆடுச்சுன்னா துப்பாக்கிய உறையில போட்டுட்டு வீட்டுக்கு வந்துரணும்."

ஒருநாள் நாலாவது வீட்டுக் கோமதி படியேறி வந்துவிட்டாள். அவள் வாயைத் திறந்தால் தெருவில் நாய்கூடக் குரைக்காது.

"ஆச்சி, உங்க கொழுந்தனாரு கண்ணாடிய வச்சுக்கிட்டு எங்க மாடியையே பாக்காரு. கேட்டு வைங்க!"

இவர் அவசரமாக ஓடிவந்தார். "தாயி, சத்தியமா உன்னயப் பாக்கல. உன் சேலையத்தான் பாத்தேன்!"

அதற்குச் சும்மாவே இருந்திருக்கலாம். கோமதியைச் சமாதானப்படுத்த எனக்கு ஒரு சொம்பு காப்பியும் ஒரு தட்டு முறுக்கும் செலவாயிற்று. "ஏட்டி, அவரு கொண்டுக்கிட்டவளையே நிமிந்து பாக்காத மனுசன். நீ பயப்படாத" என்றேன். உள்ளேயிருந்து அவர் பெண்டாட்டி செல்லக்கனி பாத்திரத்தை 'ணங்' என்று வைத்த சத்தம் கேட்டது.

கோச் அவருக்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தார். எல்லாக் காற்றையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். நன்றாகத் தெரிந்த ஒரு காற்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். அது வருகிறவரைக்கும் காத்திருங்கள், வந்ததும் சுடுங்கள். இவர் பிடித்துக்கொண்டது சாரலுக்குச் சற்று முன்னால் ஒரே சீராக வருகிற காற்று. அது வரும்வரை கல்லாகக் கிடப்பார், வந்ததும் சுடுவார். சுட்டால் நடுவில்தான். கோச்சே கைதட்டினாராம். எனக்கே கொஞ்சம் பயம் வந்து, அவரைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

பிறகு போட்டி வந்தது. மதுரையைத் தாண்டி ஒரு பொட்டல்காடு. இருபது குண்டு, அதைச் சுட்டு முடிக்க ஒரு நேரக் கெடு. இத்தனை மார்க் வாங்கினால்தான் அடுத்த போட்டிக்குக் கூப்பிடுவார்கள். தெருவே வழியனுப்ப வந்தது. செல்லக்கனி வாசலில் வைத்துத் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கும் ஒண்ணுமில்லாம வந்தீயன்னு வைங்க, ஒட்டடைக்கம்பு ஒட்டடை அடிக்கப் போயிரும். இனிமே இந்த வீட்டுல துப்பாக்கிப் பேச்சு கூடாது. எங்க அண்ணன் தம்பி மொகத்துல என்னால முழிக்க முடியல."

அவர் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார். கூட ஒரு ஆள் வேண்டும் என்று நான் போனேன்.

அங்கே பந்தலில் நாற்காலி போட்டு, காதில் அடைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்தது. விசில் ஊதினார்கள். சுற்றிலும் டமார் டமார் என்று சுடுகிறார்கள். எங்கள் ஆள் மட்டும் சுடவில்லை. குப்புறக் கிடக்கிறார். நான் கொடியைப் பார்த்தேன். நனைந்த துண்டைக் காயப்போட்ட மாதிரி ஒவ்வொன்றும் கம்பிலே தொங்கிக்கொண்டிருந்தது. இலை அசையவில்லை.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மனுஷன் காற்றுக்காகக் காத்திருக்கிறார்!

காற்றே இல்லாத இடத்தில் நேராகப் பார்த்துச் சுட்டுவிட்டுப் போகலாமே? போகலாம்தான். ஆனால் ஆர்டர் என்ன? அந்தக் காற்று வருகிறவரைக்கும் சுடாதே. வேறு ஆர்டர் வந்ததா? இல்லை. கஜானா வாசலில் மாற்று ஆள் வந்து தோளைத் தொடும்வரை நகராமல் நின்ற மனுஷனுக்கு, யார் வந்து சொல்வது? கோச் வரவில்லை. கத்தலாம் என்று நான் எழுந்தேன். பக்கத்தில் அடையாள அட்டை மாட்டியிருந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டி, சுடுறவங்ககிட்ட யாரும் பேசக்கூடாது. பேசினா அவரை வெளிய அனுப்பிடுவாங்க. அய்யாவுக்கு உடம்புக்கு முடியலையா?"

"ஒடம்பு நல்லாத்தாம்மா இருக்கு. ஒங்க ஊருக்குத்தான் காத்து இல்ல."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தது என் ஆயுசில் அன்றைக்குத்தான். முந்தானையால் விசிறினேன். என் முகத்துக்கே வந்து சேரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருத்தராகச் சுட்டு முடித்துச் சாமானைக் கட்டினார்கள். ஒருத்தர் இவரைக் காட்டி இன்னொருத்தரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்த மச்சினன் சிரித்த அதே சிரிப்பு. அன்றைக்கு என் இலையில் பாயசமும் இல்லை, எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

நேரம் முடியப்போகிற சமயம். எங்கிருந்தோ ஒரு காற்று கிளம்பியது. புழுதியைக் கூட்டிக்கொண்டு வந்து கொடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டது. ஒரே சீராக, எங்கள் ஊர்ச் சாரல் காற்று வழிதப்பி வந்த மாதிரி.

டமார். கொஞ்ச நேரம். டமார். இன்னும் கொஞ்ச நேரம். டமார்.

நாலாவதுக்கு மூச்சை அடக்கும்போது விசில் ஊதிவிட்டார்கள். விரலை எடுத்துவிட்டார். ஆர்டர்.

அதிகாரி மார்க் காட்டுகிற திரையைப் பார்த்துவிட்டு இவரிடம் வந்தார். "சார், சுட்ட மூணும் நடு வட்டத்துல ஒரே இடத்துல இருக்கு. இப்படி இன்னைக்கு யாருமே சுடல. ஏன் சார் மீதியச் சுடல?"

"காத்து வரல சார்."

மூன்று குண்டுக்கு மார்க் எங்கே போதும்? கடைசிப் பேர் இவருடையது. போனில் கோச் தலையில் அடித்துக்கொண்டாராம். "நம்ம ஊருக்குச் சொன்னது சார் அது!" இவர் சொன்ன பதில், "நீங்க மாத்திச் சொல்லலையே சார்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். வழிநெடுக எத்தனையோ காக்கா. ஒன்றைக்கூடக் குறி பார்க்கவில்லை. ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"என்ன கொழுந்தனாரே, பேச்சக் காணும்?"

"தெருவுல கேப்பாகளே மதினி."

"கேட்டா நான் சொல்லிக்கிடுதேன். நீரு வாயத் தெறக்காம நேரா வீட்டுக்குள்ள போயிரும்."

மேலகரத்தில் இறங்கினால் கோமதி தலைமையில் ஒரு கூட்டமே நிற்கிறது. நடுவில் செல்லக்கனி. அவள் தம்பி வேறு மீசையைத் தடவிக்கொண்டு தயாராக இருக்கிறான். இவர் நான் சொன்னபடி தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

"என்ன ஆச்சி, அத்தான் சுட்டாரா?" என்றான் மச்சினன்.

"ஏலே, சுட்டாரான்னு என்ன கேள்வி? சுட்ட குண்டு ஒண்ணுகூட வெளிய போகல, பூராவும் நடுவுலதான். அந்த ஊரு அதிகாரியே எந்திச்சு வந்து, இப்படி இன்னைக்கு யாருமே சுடலன்னு சொன்னாரு. என் ரெண்டு காதால கேட்டேன்" என்றேன். சத்தியமெல்லாம் பண்ணிக் கொடுத்தேன். பொய் ஒன்றும் இல்லையே!

செல்லக்கனி விறுவிறுவென்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அப்பளம் பொரிக்கிற வாசம் வந்தது.

"எத்தனை குண்டு ஆச்சி சுட்டாரு?" என்று கோமதி மட்டும் விடாமல் கேட்டாள்.

"அதெல்லாம் எனக்கு எண்ணத் தெரியாதுட்டீ. நான் என்ன பள்ளிக்கூடத்துக்கா போனேன்?" என்று சொல்லிவிட்டேன்.