உயிரோடிருக்கும் மாமாவுக்கு ஒரு வெயிட்டிங் ஷெட்

இந்த உலகத்தில் நான்கு வழிச் சாலைக்குத் திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைத்த ஒரே பெண்மணி எங்கள் பைபாஸ் அத்தைதான். ஆதார் அட்டையில் அவருக்கு வேறு பெயர் இருக்கக்கூடும். இருந்தால் அது அந்த அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

கேரள எல்லைக்குள், கொல்லங்கோட்டிலிருந்து கோவிந்தாபுரம் போகும் வழியில் இருக்கிறது எங்கள் முக்கு. தென்னந்தோப்புகள் எல்லாம் வீட்டுமனைகளாகிக் கொண்டிருந்த சமயத்தில் ரோட்டை அகலப்படுத்த வந்தார்கள். ஒருவருக்குத் திண்ணை போனது, ஒருவருக்குத் தென்னை போனது, ஊரே மூக்கைச் சிந்தியது. அத்தைக்குப் போனது மாடு கட்டும் சாளை. அவர் அழவில்லை. போன சாளைக்குப் பதிலாக ரோட்டைத் தத்தெடுத்துக்கொண்டார்.

"என்ற சாளை மேல போற ரோடு. நா பாக்காம ஆரு பாப்பாங்க?"

அன்றிலிருந்து ஜல்லி கொட்டினாலும் அத்தை, தார் ஊற்றினாலும் அத்தை. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு மேற்பார்வை. ஒருநாள் புது ரோட்டின் மேல் சொம்பில் தண்ணீரை வைத்து, குனிந்து பார்த்துவிட்டு, "ஏனுங் ஓவர்சியர், ரோடு சாயுதுங்!" என்று சத்தம் போட்டார்.

"சேச்சி, மழை வெள்ளம் போகான் சரிவு வேணும்" என்றார் ஓவர்சியர்.

"வேணுமுன்னா வெச்சுக்கங்க. ஆனா அது என்ற வாசலுக்குச் சரியக்கூடாது!"

சரியவில்லை. எதிர்ப்பக்கம் சரிந்தது. இன்றைக்கும் மழை பெய்தால் எதிரிலிருக்கும் பேக்கரிக்காரர் பஃப்ஸ் விற்பதை விட்டுவிட்டுத் தண்ணீர் இறைப்பார்.

ரோடு முடிந்தது. அதில் பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குப் புதிதாக லிமிட்டெட் ஸ்டாப் பஸ் வந்தது. புதுப் பெயிண்ட், ஜன்னலுக்கு ஜன்னல் கண்ணாடி. அது எங்கள் முக்கில் மட்டும் நிற்காது. பழைய ரோட்டில் வீட்டுக்கு வீடு நின்று போன டவுன் பஸ், புது ரோடு வந்ததும் ஆளில்லை என்று நின்றே போனது. நான் அப்போது பாலக்காட்டில் எம்.எஸ்சி. சேர்ந்திருந்தேன். கொல்லங்கோட்டில் இறங்கி ஆட்டோ தேட வேண்டும். ஆட்டோ கிடைக்காத நாளில் லாரிகள் உரசிப் போகும் ஓரத்தில் நடக்க வேண்டும். ஒரு வாரம் பார்த்த அப்பா சொல்லிவிட்டார்:

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன் அம்முணி. அதுக்குள்ள பஸ்சு நிக்கலீன்னா படிப்பும் நிக்கும். ஊட்டுலிருந்தே கம்ப்யூட்டர்ல எதையாவது படிச்சுக்க."

அம்மா இதை அத்தையிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அத்தைக்கு முகம் சிவந்துவிட்டதாம். "என்ற ரோட்டுல ஓடிட்டு, என்ற முக்குல நிக்க மாட்டானாமா?"

மறுநாள் காலை ரோட்டோரம் நின்று சிவப்புச் சேலையை வீசினார். டிரைவர் பதிலுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் தூக்குப்போசி நிறைய கொழுக்கட்டையுடன் நின்றார். அன்றைக்கும் கையசைப்புதான். மூன்றாவதாக, தன் எருமையை ஓட்டிவந்து ரோட்டைக் கடக்க வைத்தார். கடக்க வேண்டிய எருமை நடுவில் நின்று யோசித்தது. பஸ்சும் நின்றது. அத்தை ஜன்னலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா, இங்க நின்னாத்தான் என்ன?"

கண்டக்டர் கைகூப்பினார். "சேச்சி, இவிடெ ஸ்டாப்பில்லா. ஒரு வெயிட்டிங் ஷெட்டு போலும் இல்லல்லோ!"

அவர் தப்பித்துக்கொள்ளச் சொன்ன வார்த்தை அது. அத்தை அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

எங்கள் பக்கத்தில் வெயிட்டிங் ஷெட் என்றால் அது யாராவது இறந்தவர் பெயரில்தான் இருக்கும். மழைக்கு ஒதுங்கும்போது யாரோ ஒரு பெரியவரின் பெயருக்குக் கீழேதான் ஒதுங்குவோம். ஆகவே வார்டு மெம்பர் கேட்டார், "அக்கா, ஆரு நினைவாக் கட்டறீங்க?"

அத்தைக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் கைவசம் இறந்தவர் யாருமில்லை. ஏற்கெனவே இறந்த மாமனார் பெயரைப் பங்காளிகள் வடவன்னூர்ப் பக்கம் ஒரு ஷெட்டுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். நேராக வீட்டுக்குப் போனார். சின்னச்சாமி மாமா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து மாமா பேசிய வார்த்தைகளை ஒரு போஸ்ட் கார்டில் எழுதிவிடலாம்.

"ஏனுங், உங்க பேரப் போட்டுக்கட்டுங்களா?"

"போட்டுக்க" என்றார் மாமா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். எதில் என்று கேட்கவில்லை.

பெயர் எழுத வந்த பெயிண்டர் வழக்கமான ஆள். வழக்கப்படி மேலே ஒரு குத்துவிளக்கு, இரண்டு பக்கமும் ரோஜாப்பூ, நடுவில் 'அமரர் சின்னச்சாமி நினைவாக' என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதிவிட்டுப் போனார். அத்தை தள்ளி நின்று பார்த்துத் திருப்திப்பட்டார். "அச்சு அசலா மத்த ஷெட்டாட்டவே இருக்குது."

பேக்கரிக்காரர் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டார். மழைத் தண்ணீருக்குப் பழிவாங்கினாரா, இல்லை பாராட்டினாரா என்பது இன்றுவரை தெரியாது. மறுநாள் பொழுது சாயும் நேரத்தில் உடுமலையிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் மாலையோடு வந்து இறங்கினார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததை அம்மா எனக்கு நடித்தே காட்டினாள். மாமாவின் பெரியம்மா மகள் முதல் ஆளாக ஓடிவந்து ஷெட்டின் தூணைக் கட்டிக்கொண்டு, "எங்கண்ணா... ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியே!" என்று ஒப்பாரி வைத்தாராம். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "அண்ணா, கொஞ்சம் தள்ளி உக்காரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாராம். உட்கார்ந்து இன்னொரு அடி பாடியும் விட்டாராம். அப்புறம்தான் மெதுவாகத் தலையைத் திருப்பினாராம்.

அவர் போட்ட அலறலுக்குப் பாதி ஊர் ரோட்டுக்கு வந்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில், கொல்லங்கோட்டில் தூங்கிப்போய் நான் இறங்காமல் விட்ட பஸ் வந்தது. மாலையும் கூட்டமுமாக ரோடு அடைத்திருப்பதைப் பார்த்து டிரைவர் மிதித்த மிதியில் நாங்கள் எல்லாரும் முன் சீட்டுக்காரர்களின் முதுகில் இருந்தோம். கண்டக்டர் இறங்கி, தொப்பியில்லாத தலையில் தொப்பியைக் கழற்றுவது போல் கையை வைத்து, மரியாதையாகக் கேட்டார்: "ஆரா மரிச்சது?"

மாமா பேப்பரை மடித்தார். எழுந்தார். "நானுங்க" என்றார்.

எங்களுக்குத் தெரிந்து பொது இடத்தில் மாமா பேசியது அது ஒன்றுதான். பஸ் முழுக்கச் சிரித்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. நான் இறங்கியதும் என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு டிரைவர் பக்கம் போனார்.

"சாமி, ஷெட்டு கேட்டீங்க, கட்டிப்போட்டேன். ஆள் பேரு கேட்டாங்க, உசுரோட இருக்கற மனுசனையே குடுத்துப்போட்டேன். இந்தப் புள்ளையோட படிப்பு நீங்க மிதிக்கற பிரேக்குலதான் இருக்குது. இனி என்ன வேணும், சொல்லுங்க."

டிரைவர் சிரிப்பை நிறுத்தினார். கியரைப் போட்டு வண்டியை எடுத்தார். ஆனால் மறுநாள் எங்கள் முக்கு வந்ததும் பஸ் வேகம் குறைந்தது. கண்டக்டர் கூவினார்: "சின்னச்சாமி! சின்னச்சாமி எறங்ஙான் உண்டோ?"

கண்டக்டர் வாயில் வந்த பெயர்தான் எங்கள் பக்கத்தில் ஸ்டாப். மெம்பர் அலைந்து வாங்கிவந்த அனுமதியெல்லாம் அப்புறம் வந்து சேர்ந்தது. 'அமரர்' என்ற சொல்லை மட்டும் அத்தை கரித்துணியால் அழிக்கப் பார்த்தார். நல்ல பெயிண்ட், போகவில்லை. அதன் மேல் இப்போது ஒரு டியூஷன் சென்டர் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. மாமா தினமும் அதன் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்.

அத்தையைப் பற்றி நான் தாமதமாகத் தெரிந்துகொண்ட விஷயம் ஒன்று உண்டு. அவருக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. டீசல் வாசம் பட்டாலே வாந்தி. பொள்ளாச்சிச் சந்தைக்குக்கூட மாமாவின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்துதான் போவார். அந்தப் பஸ்சில் அவர் இன்றுவரை ஒரு தடவைகூட ஏறியதில்லை.

நான் எம்.எஸ்சி. முடித்து, வேலை கிடைத்து, கோயமுத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறேன். சனிக்கிழமைதோறும் ஊருக்கு வருகிறேன். இருட்டத் தொடங்கும் நேரத்தில் பஸ் எங்கள் முக்கை நெருங்கும்போது ஷெட்டுக்குள் ஒரு டார்ச் வெளிச்சம் தெரியும்.

"எனக்காகவா அத்தை நிக்கறீங்க?" என்று கேட்டால் சண்டைக்கு வருவார்.

"உனக்காக நா எதுக்கு நிக்கோணும்? பிரேக்கு ஒழுங்காப் புடிக்கறானான்னு பாக்க வந்தேன்."

சொல்லிவிட்டு, என் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடப்பார். டார்ச் வெளிச்சம் அவர் காலடியில் இருக்காது, என் காலடியில்தான் இருக்கும்.