இளஞ்சூட்டு வாயுப் பிரிவு

அந்த வானாய்வு நிலையத்தில் பதினோரு வருஷமாக ஆராய்ச்சி செய்பவள், தொலைநோக்கியில் மூன்றே மூன்று நாள் கேட்டு முறைப்படி விண்ணப்பித்தாள். தொலைதூர விண்மீன் திரள் ஒன்றின் நடுவில் ஒரு கருந்துளை கண்டதையும் வாரி விழுங்கிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி ஹைட்ரஜன் மூலக்கூறு வாயு இளஞ்சூட்டில் சுழல்வதாக அவள் கணக்குப் போட்டிருந்தாள். அது உள்ளே விழுகிறதா, வெளியே தள்ளப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மாதம் முடிந்தால் அந்தத் திரள் சூரியன் பக்கம் ஒதுங்கிவிடும்; ஐந்து மாதத்துக்குக் கண்ணில் படாது.

நிலையத்தில் இருந்தவை இரண்டு பிரிவுகள். குளிர் வாயுப் பிரிவின் தலைவர் கோப்பைப் புரட்டினார்.

“எவ்வளவு சூடு மேடம்?”

“ஆயிரத்தைந்நூறு டிகிரி வரும் சார்.”

“அப்போ இது நம்ம ஆள் இல்லை. மேல் மாடிக்குக் கொண்டு போங்க.”

மேல் மாடியில் வெப்ப வாயுப் பிரிவின் தலைவர் உதட்டைப் பிதுக்கினார். அவர் பார்க்கும் வாயு எதுவும் கோடி டிகிரிக்குக் கீழே இறங்கியதில்லை. இவ்வளவு சில்லென்று இருப்பதைத் தொட்டால் பிரிவின் மானம் போய்விடும் என்று திருப்பி அனுப்பினார்.

ஆறு நாளில் கோப்பு ஒன்பது தடவை மாடி ஏறி இறங்கியது. நடுவில் ‘வாயு’ என்ற சொல்லைப் பார்த்த புண்ணியவான் யாரோ அதை மருத்துவ அறைக்கு அனுப்ப, வயிற்றுக்கு இரண்டு மாத்திரையோடு திரும்பி வந்தது.

அழாத குறையாக இயக்குநர் முன்னால் போய் நின்றாள். அவர் நல்ல மனுஷர். இளஞ்சூட்டு வாயுப் பிரிவு என்று புதிதாக ஒன்று தொடங்கவும், அவளையே தலைவராக்கவும் அங்கேயே ஆணையிட்டார்.

“எனக்குப் பிரிவு வேண்டாம் சார். மூணு நாள் தொலைநோக்கி கொடுத்தா போதும்.”

“அதை உங்க பிரிவே அனுமதிச்சுக்கலாமே. முதல்ல பிரிவு வரட்டும்.”

பிரிவு வந்தது. பதினான்கு பேர் வந்தார்கள். சுவருக்கு மஞ்சளா ஆரஞ்சா, எது இளஞ்சூட்டைச் சரியாகக் காட்டும் என்று ஒரு குழு மூன்று வாரம் மோதிக்கொண்டது. அதற்குள் திரள் சூரியன் பக்கம் போய்விட்டது. முதல் வாரம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்புறம், அவள் உள்ளே வந்ததும் பதினான்கு நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் மெல்ல மெல்லக் காதுக்கு இதமாகிவிட்டது.

ஐந்து மாதம் கழித்துத் திரள் மறுபடி தலைகாட்டியது. அந்த வாரம் பார்த்து ‘இளஞ்சூடு: வரையறையும் வளர்ச்சியும்’ கருத்தரங்கு. மறுவாரம் பிரிவுக்குச் சின்னம் தேர்வு. அதற்கடுத்து இன்னொன்று. திரளும் எத்தனை நாள்தான் காத்திருக்கும்?

ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உதவியாளர் இரண்டு வரி எழுதி வந்திருந்தார். “பிரிவு செவ்வனே இயங்கி வருகிறது. வாயு இன்னும் பார்க்கப்படவில்லை.”

இரண்டாவது வரி கொஞ்சம் உறுத்துகிறதே என்று அவரே இழுத்தார். அவள் யோசித்துப் பார்த்தாள். அதை அடித்தால் பொய் சொன்னதாக ஆகாது. ஒரு வரி குறையும், அவ்வளவுதான். அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அறிக்கையைப் படித்த மூன்று மேலதிகாரிகளும், மிச்சமிருந்த அந்த ஒரு வரியை மிகவும் பாராட்டினார்கள்.