பலாமரத்தில் கட்டிய விமானம்

தெரியாத விஷயத்தில்தான் எனக்குக் குரல் ஓங்கி வரும். பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன் என்ற திமிர் வேறு.

எட்டு வருடம் முன்பு, என் அக்கா சரளாவின் வீட்டுக்காரர் தேவராஜ் மாமா ரிட்டையர் ஆன கையோடு, நெலமங்கலா பக்கம் ஒரு ஷெட்டில் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானம் கட்டினார். இன்ஜின் மட்டும் பாக்கி. விமானத்துக்கென்றே செய்த இன்ஜினை வாங்கலாம் என்றார். நான் விடுவேனா?

"எதுக்கு மாமா சும்மா அவ்ளோ செலவு? என் பழைய கார் இன்ஜின எடுத்துக்கோங்க. பதினஞ்சு வருஷத்துல ஒரு நாள் நடுரோட்ல நின்னதில்ல!"

(நின்றதில்லையாம்! பெங்களூர் டிராஃபிக்கில் அது நின்றுகொண்டேதான் இருந்தது. நாலாவது கியரைப் பார்த்ததே ஞாயிற்றுக்கிழமைகளில்தான்.)

கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் நானே செய்து பொருத்தினேன். அடுத்த வாரம் பறப்பதாக மாமா நாள் குறித்துவிட்டார். அக்கா மட்டும் அசையவில்லை.

"காருன்னா நடுநடுவுல மூச்சு வாங்கிக்கும். மேல போனா முழு மூச்சா ஓடணும்ல? மரத்துல கட்டி ஒரு மணி நேரம் ஃபுல்லா ஓட்டிக் காட்டு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுக்கா!"

"ஆகாதுன்னா நீயே உள்ள உக்காருடா."

விமானத்தின் வாலைப் பலாமரத்தில் கட்டினோம். கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு ஏறினேன். வேடிக்கை பார்த்தவர்களுக்குப் பத்து நிமிடம் ராஜா மாதிரி கையாட்டினேன். பன்னிரண்டாவது நிமிடம் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தாண்டியது. 'டப்'பென்று ரேடியேட்டர் குழாய் பிய்த்துக்கொள்ள, ஒரே ஆவி. இன்ஜின் கடகடத்து இறுகி நின்றது. நான் பெல்ட்டைக் கழற்ற மறந்து வெளியே குதித்து, பாதியில் தலைகீழாகத் தொங்கினேன்.

"அக்கா! காப்பாத்துக்கா!" (வயது நாற்பத்திரண்டு.)

"ஏனாயித்து சார், என்ன ஆச்சு?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் ஓடிவந்து இறக்கிவிட்டார்.

மாமா திட்டவில்லை. வானத்தைப் பார்த்தபடி, "அடுத்த வாரம் இந்நேரம் நான் மேல இருந்திருப்பேன் மச்சான்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்காதான் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவள் பிடிவாதம் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்! அந்த நன்றியைச் சொல்லி மாளாது.

பிறகு மாமா விமான இன்ஜினே வாங்கினார். அதையும் அக்கா மரத்தில் கட்டவைத்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் விட்டாள். இப்போது அவர் பறக்கும்போது பக்கத்தில் அவளும் இருக்கிறாள்.

போன மாதம் என் மகள் தான் கட்டிக்கொள்ள விரும்பும் பையனை அக்கா வீட்டுக்கு அழைத்து வந்தாள். "ரொம்ப நல்லவரு அத்தை, ஒரு பிரச்சனையும் வராது" என்றாள்.

அக்கா அவன் தட்டில் போண்டா வைத்தபடி கேட்டாள்: "மரத்துல கட்டிப் பாத்தியாடி?"

பையன் திருதிருவென்று முழித்தான். மாமா அவன் தோளைத் தட்டினார்.

"பயப்படாதீங்க தம்பி. ஒரு மணி நேரம்தான்."