ஆறாவது தளத்து அடுப்பு

குனிந்தால் நிமிராது, நிமிர்ந்தால் குனியாது. லாய் தெஷெங்கின் இடுப்பு அப்படிப்பட்டது. முப்பது வருஷம் கட்டிடங்களுக்குக் கம்பி கட்டித் தேய்ந்த இடுப்பு. அந்த இடுப்போடு ஆறு தளம் படியேறி, முதுகிலிருந்த கேஸ் அடுப்பை இறக்கி, சமையல் மேடையில் வெட்டியிருந்த துளையில் வைத்தார். அடுப்பு உள்ளே இறங்கவில்லை. இரண்டு விரல் இடித்தது.

"நாசமாப் போக" என்று அடுப்பிடம் சொன்னார்.

பதினெட்டாம் தேதி காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் புதுவீட்டில் நெருப்பு ஏறியாக வேண்டும். தென்சீனத்து ஹுய்ஜோ பக்கத்து ஹக்கா இனத்தார் வீடு மாறுவது என்றால் கட்டிலும் பீரோவும் மாறுவதில்லை, நெருப்பு மாறுவது. பழைய வீட்டு அடுப்புக் கங்கை மண்சட்டியில் எடுத்து, வழியில் அணைய விடாமல் கொண்டுபோய்ப் புது அடுப்பைப் பற்ற வைப்பார்கள்.

அவர் மனைவி ஷ்யூயுன் இருபத்தாறு வருஷமாக வாடகை வீட்டுத் தாழ்வாரங்களில் நாலு குடும்பத்தோடு முழங்கை இடித்துக்கொண்டு சமைத்தவள். இப்போது செருப்புக் கம்பெனி கேண்டீனில் அறுநூறு பேருக்குச் சோறாக்குகிறாள். லீவு கிடையாது. கிடைத்தாலும் வருவதாக இல்லை.

"நெருப்போடதான் அந்த வீட்டுக்குள்ள கால் வைப்பேன்" என்று சொல்லியிருந்தாள். "செவுத்துக்கு என்ன கலர் வேணா அடிச்சுக்கோ. கதவை எந்தப் பக்கம் வேணா மாட்டிக்கோ. நான் வர்றப்ப எனக்குன்னு ஒரு அடுப்பு இருக்கணும். இது ஒண்ணையாவது உருப்படியா செய்வியாய்யா?"

"ஒரு அடுப்பு. இதுல என்ன இருக்கு?" என்றார் லாய்.

சாவி வாங்கிய அன்றே அவர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தார். விற்பனை அலுவலகத்துப் பெண், "வாங்க, மேல கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்" என்று எழுந்தபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இந்தக் கட்டிடத்துல எந்தக் கம்பி எங்க ஓடுதுன்னு எனக்குத் தெரியும்மா. தளம் தளமா கம்பி கட்டினவன் நான். எனக்கே வழி காட்டறியா?"

பத்திரத்தில் ஆறாவது தளம், இரண்டாம் வீடு என்றிருந்தது. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. கதவுகளில் எண் ஒட்டவில்லை. மொத்தக் கட்டிடத்துக்கும் இப்போதைக்கு ஒரே சாவி. குடிவரும் அன்று அவரவர் பூட்டை மாற்றிக்கொள்ள வேண்டியது. லாய் தரைத்தளத்தை ஒன்று என்று வைத்து, கம்பி கட்டிய நாளில் எண்ணியது போலவே எண்ணிக்கொண்டு ஏறினார். ஆறு வந்ததும் நின்றார். திறந்தார். சமையலறை ஜன்னலில் ஆற்றுத் தண்ணீர் தெரிந்தது. கொஞ்ச நேரம் அழுதார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அடுப்பு துளைக்குள் இறங்க மறுக்கிறது. வெட்டும் மிஷினை எடுத்தார். இரண்டு விரல் பெரிதாக்கினார். வெள்ளைப் புழுதியில் அவரே மாவு பிசைந்தவர் மாதிரி நின்றபோது வாசலில் ஒரு குரல் கேட்டது.

"மேஸ்திரி, மேடை ரொம்பத் தாழ்வா இருக்கே."

நெடுநெடுவென்று வளர்ந்த ஒரு பெண். கண்ணாடி. கையில் ஆரஞ்சுப் பை. மேஸ்திரி என்று கூப்பிட்டதில் லாய்க்கு ஆச்சரியமில்லை. முப்பது வருஷமாக அவரை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"நான் கூ. ஸ்கூல்ல கணக்கு டீச்சர். வேலை எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். பழம் எடுத்துக்கோங்க."

எதிர்வீடு போலிருக்கிறது, நல்ல மாதிரி, என்று லாய் நினைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் உசத்திடுங்க மேஸ்திரி. நாள் முழுக்கக் குனிஞ்சு நின்னா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

இடுப்பு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் லாய் உருகிவிட்டார். இந்த உலகத்தில் இன்னொருவருக்கும் இடுப்பு இருக்கிறது. அடியில் செங்கல் கொடுத்து மேடையை ஆறு விரல் உயர்த்தினார். ஷ்யூயுன் தன் தோளுக்கும் கீழே நிற்பவள் என்பது இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. அதனாலென்ன, ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம்.

பத்தாம் தேதி கேஸ் திறந்துவிட ஆள் வருவதாக ஏற்பாடு. லாய் காலையிலிருந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வரவில்லை. மத்தியானம் போன் வந்தது.

"கேஸ் ஆபீஸ்லேருந்து பேசறேன். வந்தேன், தட்டினேன், பூட்டியிருந்தது. போய்ட்டேன்."

"யோவ், நான் விடியக்காலத்துலேருந்து உள்ளதான்யா இருக்கேன்."

"ஆறாவது தளம், ரெண்டாம் வீடுதானே? தட்டித் தட்டிக் கை வீங்கிப்போச்சு எனக்கு. இனிமே இருபத்தஞ்சாம் தேதிதான்."

லாய் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யை இவ்வளவு நிதானமாகச் சொல்லும் மனிதனை அவர் பார்த்ததில்லை. கை வீங்கிப்போச்சாம்.

கேஸ் இல்லை, பதினெட்டு நெருங்குகிறது. அடுப்பைத் தூக்கிக்கொண்டு அடுப்புக் கடைக்காரி மா அக்காவிடம் போனார்.

"கேஸ்காரன் காலைப் பிடிக்கணும்னு என்ன தலையெழுத்து?" என்றாள் மா அக்கா. "இண்டக்ஷன் போடுண்ணே. கரண்ட் இருந்தாப் போதும். புகை இல்ல, கரி இல்ல, துடைச்சா முகம் பார்க்கலாம். மாத்திக்கறேன், மேல எழுநூறு யுவான் குடு. துளை மட்டும் கொஞ்சம் பெருசா வேணும்."

துளையை இன்னும் நாலு விரல் பெரிதாக்கினார். பார்சல் கொண்டுவந்தவர்கள் வாசலில் வைத்துவிட்டோம் என்று சொல்லிப் போய்விட்டார்கள். வாசலில் ஒன்றுமில்லை. படியிறங்கித் தேடினால், ஒரு தளம் கீழே, யார் வீட்டு வாசலிலோ பெட்டி இருந்தது.

"ஒரு தளம் ஏற வலிக்குதாடா சோம்பேறிப் பசங்களா" என்று காலியான படிக்கட்டைத் திட்டிக்கொண்டே தூக்கி வந்தார். இடுப்பு அவரைத் திட்டியது.

கண்ணாடி அடுப்பு துளையில் கச்சிதமாக உட்கார்ந்தது. வெள்ளோட்டம் பார்க்க வாடகை வீட்டிலிருந்து ஷ்யூயுனின் இரும்புச் சட்டியை எடுத்து வந்தார். அடி உருண்டையான சட்டி, அவர்கள் கல்யாணத்துக்கு அடுத்த மாதம் வாங்கியது. கண்ணாடி மேல் வைத்ததும் சட்டி படகு மாதிரி ஆடியது. அடுப்பு மூன்று முறை பீப் என்று கத்திவிட்டு அணைந்துபோனது. சட்டியைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் கத்தியது.

சரி, தட்டைச் சட்டி ஒன்று வாங்கினால் ஆச்சு. மனைவிக்கு நல்ல சேதி சொல்லப் போன் போட்டார்.

"அடுப்பு ரெடி. பார்த்தா அசந்துபோயிடுவ. கண்ணாடி கணக்கா இருக்கு."

"இருக்கட்டும். நெருப்பு எங்கேருந்து வரும்?"

"நெருப்பே வராது. அதான் அதுல விசேஷம்."

மறுமுனையில் கேண்டீன் அண்டா ஒன்று கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் கொண்டு வர்ற நெருப்பை எங்க வைக்கறது?" என்றாள் ஷ்யூயுன், மிகவும் மெதுவாக. "உன் தலையிலயா?"

லாய் வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். மூன்று வாரமாக அடுப்பைப் பற்றியே நினைத்தவருக்கு நெருப்பு மறந்துபோயிருந்தது.

மறுநாள் கூ டீச்சர் வந்தார். எட்டிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது.

"என்ன மேஸ்திரி இது, டிவியைப் படுக்கப் போட்ட மாதிரி? கேஸ்னுதானே பேச்சு?"

யாரிடம் பேசிய பேச்சு என்று லாய்க்குப் புரியவில்லை. பெண்கள் எல்லாரும் ஒரே கட்சி, அவ்வளவுதான்.

"கேஸ்காரன் வரமாட்டேங்கறானே டீச்சர்."

"அதை நான் பார்த்துக்கறேன். நீங்க செலவைப் பத்தி யோசிக்காம நல்லதாப் போடுங்க."

அடுத்தவன் செலவில் இப்படித்தான் தாராளம் வரும் என்று லாய் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஆனாலும் மா அக்கா கடைக்கு மூன்றாவது முறை போனார். மா அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"உனக்குன்னே ஒண்ணு வந்திருக்குண்ணே. இந்தப் பக்கம் கேஸ், அந்தப் பக்கம் இண்டக்ஷன். சாமிக்கும் ஆச்சு, கரண்ட்டுக்கும் ஆச்சு. உருண்டைச் சட்டி நிக்க வளையம் நான் சும்மாவே தர்றேன்."

அந்த அடுப்பு சின்னது. துளையைப் பெரிதாக்க மிஷின் இருக்கிறது. சிறிதாக்க ஒரு மிஷினும் இல்லை. துளைக்குள் இறங்கிய புது அடுப்பு அப்படியே கீழே அலமாரிக்குள் போய் உட்கார்ந்தது. லாய் துளை வழியாக அதைப் பார்த்தார். அதுவும் அவரைப் பார்த்தது.

பழைய கிரானைட்டை உடைத்தார். புதுக் கிரானைட் வாங்கினார். அடுப்புக்கும் கல்லுக்குமாக, கடைவாய்ப் பல் கட்ட வைத்திருந்த காசு முழுவதும் போனது. இனி கறியை இடதுபக்கமாகவே மெல்ல வேண்டியதுதான். கல்லை ஏற்ற இரண்டு பேர் கேட்ட கூலியைக் கேட்டு மலைத்துப்போய் அவரே ஏற்றினார். அன்றிலிருந்து இடுப்பு குனியவும் இல்லை, நிமிரவும் இல்லை. நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

பதினேழாம் தேதி கூ டீச்சர் போனில் நாலு வார்த்தை பேசினார். அரைமணி நேரத்தில் கேஸ்காரன் வந்து நின்றான். லாய்க்கு வாய் மூடவில்லை.

"நான் கெஞ்சினேன், வரல. நீங்க என்ன டீச்சர் சொன்னீங்க?"

"என் பேரைச் சொன்னேன். அவ்வளவுதான்."

படித்தவர் பேருக்கு இருக்கும் மதிப்பு கம்பி கட்டுகிறவன் கெஞ்சலுக்கு இல்லை. கேஸ்காரன் நீட்டிய தாளில் டீச்சரே கையெழுத்துப் போட்டார். லாய்க்கு எழுதக் கூச்சம். அதைப் புரிந்துகொண்டுதான் போட்டார் என்று நினைத்து மனசுக்குள் கும்பிட்டார். திருகியதும் நீலமாக எரிந்தது நெருப்பு. உருண்டைச் சட்டி வளையத்தில் அசையாமல் நின்றது.

பதினெட்டாம் தேதி. லாய் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மேடைக்கு மேலே சிவப்புத் தாள் ஒட்டி, உப்பில் வேகவைத்த கோழியைத் தயாராக வைத்து நின்றார். லிஃப்ட் அன்றுதான் ஓட ஆரம்பித்திருந்தது. வெளியே யாரோ கதவுகளுக்கு எண் மாட்டும் சத்தம். எட்டு இருபதுக்குப் போன் அடித்தது.

"எங்கய்யா இருக்க?" ஷ்யூயுன்.

"வீட்லதான். நீ எங்க இருக்க?"

"நானும் வீட்லதான் இருக்கேன்."

லாய் திரும்பிப் பார்த்தார். படுக்கையறையில் பார்த்தார். குளியலறையிலும் பார்த்தார்.

"எந்த வீட்ல?"

"நம்ம வீட்ல. கதவுல 602ன்னு பித்தளையில மாட்டியிருக்கான். சாவி போட்டேன், திறந்துச்சு. மேடையில ஓட்டை இருக்கு, அடுப்பைக் காணோம். கங்கு சாம்பல் பூத்துக்கிட்டிருக்கு. என்னய்யா விளையாட்டு இது?"

"நீ தளம் மாறிப் போயிருக்க. ஆறுக்கு வா."

"ஆறைத்தான் அமுக்கினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு, ஆறு."

"நாலு எங்க?"

"நாலு எந்தக் கட்டிடத்துல இருக்கு? சொன்னாலே சாவுன்னு காதுல விழற அந்த ஆகாத நம்பரை எவன் காசு குடுத்து வாங்குவான்?"

லாய் காலடித் தரையைப் பார்த்தார். நாலாவது தளத்துக்குப் பதினோரு நாள் கம்பி கட்டியவர் அவர். அந்தத் தளம் இருக்கிறது. அவருக்குக் கீழே, கல் மாதிரி இருக்கிறது. விற்கும்போது அதற்கு ஐந்து என்று பேர் வைத்திருக்கிறார்கள். ஐந்துக்கு ஆறு. ஆறுக்கு...

வாசலுக்குப் போய்க் கதவின் வெளிப்பக்கத்தைப் பார்த்தார். எண் மாட்டும் ஆள் கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். 702.

"ஒரு தளம் மேல ஏறி வா" என்று போனில் சொல்லி முடிப்பதற்குள் லிஃப்ட் திறந்தது. கூ டீச்சர் இறங்கினார். கல்யாணப்பெண் மாதிரி முகம். கையில் புகையும் மண்சட்டி. பின்னால் கட்டில் தூக்கிய நாலு பேர், புதுப் பூட்டோடு ஒரு ஆள். டீச்சர் லாயை ஒதுங்கச் சொல்லி உள்ளே போனார். கங்கிலிருந்து ஒரு சுள்ளியைப் பற்ற வைத்து அடுப்பில் காட்டினார். நீல நெருப்பு எழும்பியது. உயரமான மேடைக்கு முன்னால் முதுகு வளையாமல் நின்றார்.

படிக்கட்டில் மூச்சு வாங்க ஷ்யூயுன் ஏறி வந்தாள். அவள் மண்சட்டியில் கங்கு பாதி சாம்பலாகியிருந்தது. அடுப்பில் இருந்த தன் இரும்புச் சட்டியைப் பார்த்தாள். தன் நெஞ்சைத் தொடும் மேடையைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். கடைசியாகத்தான் புருஷனைப் பார்த்தாள்.

"இந்த மேடை யாருக்குய்யா? ஒட்டகச்சிவிங்கிக்கா?"

லாய் டீச்சரின் பக்கம் கை காட்டினார்.

"உங்க சம்சாரமா மேஸ்திரி? வாங்கம்மா" என்றார் கூ டீச்சர். பிறகு கைப்பையிலிருந்து, நாலாக மடித்த கட்டிடக் கம்பெனி நோட்டீஸ் ஒன்றை எடுத்து லாயின் கையில் வைத்தார்.

"வேலை சுத்தம், குறையே சொல்ல மாட்டேன். ஆனா முதல்ல பணம் கட்டற பத்து பேருக்கு அடுப்பும் சிம்னியும் இலவசமா மாட்டித் தர்றோம்னுதானே உங்க கம்பெனி போட்டிருக்கு? சிம்னி இன்னும் பாக்கி."