கல்பனாவின் ஊசியும் வாசலில் செருகிய வேப்பிலையும்

நகரி
14-10-2006

அன்பும் மரியாதையும் மிக்க பிச்சாட்டூர் மச்சான் திருவேங்கடம் அவர்களுக்கு,

வரதராஜன் வணக்கம் சொல்லி எழுதுவது. நானும், உங்கள் தங்கை மணியம்மாவும், நாலு பவர்லூமும் திருத்தணி முருகன் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டிலும் எல்லாரும் அப்படியே ஓடவேண்டும். போன் செய்தால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள், இரண்டு முறை பார்த்துவிட்டேன். கடிதத்தை அப்படி வைக்கமுடியாது என்றுதான் எழுதுகிறேன். 'எய்ட்ஸ் ஊசி போட்டுக்கொண்ட பெண் எங்கள் தனசேகருக்கு வேண்டாம்' என்று சொல்லி அனுப்பினீர்களாம். தை மாதக் கல்யாணம் நின்றுபோகுமோ என்று உங்கள் தங்கை மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

நடந்தது இதுதான். ஸ்ரீபெரும்புதூர் செல்போன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள் கல்பனா, சென்னையில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் எய்ட்ஸுக்குத் தடுப்பூசி சோதிக்கிறார்கள், அதற்கு நோய் இல்லாத ஆட்கள்தான் வேண்டும் என்று தெரிந்து, தானாகப் போய்ப் பெயர் கொடுத்து, ஊசி போட்டுக்கொண்டு நாலு நாள் லீவில் வந்தாள். உங்கள் தங்கை காதில் விழுந்தது 'தடுப்பூசி' என்ற ஒரு சொல்தான். அம்மை குத்தின மாதிரி என்று அவளாக முடிவுகட்டி வாசலில் வேப்பிலையைச் செருகிவிட்டாள். தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, கேழ்வரகுக் கூழும் மோரும்தான். காய்ச்சல் உண்டா, கை வலிக்கிறதா, எத்தனை மணி நேரம் தூக்கம், என்ன சாப்பாடு என்று தினமும் எழுதச் சொல்லி கல்பனாவுக்கு ஓர் அட்டை கொடுத்திருக்கிறார்கள், அவளும் 'கூழ், கூழ், மறுபடி கூழ்' என்று எழுதிக்கொண்டிருந்தாள். வேப்பிலையைக் கண்டதும் தறிக்கு வருகிறவர்கள் தெருமுனையோடு திரும்பிப் போனார்கள். கல்யாணத் தேதி பேச நீங்கள் அனுப்பிய ரங்கையாவும் வீட்டுக்கு வராமல் டீக்கடையில் என்னைப் பிடித்து, "ஏமி வரதராஜூ, பாப்பாக்கு அம்மவாரு போசிந்தா?" என்றான். பெண்ணுக்கு அம்மை என்று உங்களுக்குச் செய்தி போய்விடுமே என்ற பதற்றத்தில், "அம்மையெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, எய்ட்ஸ் ஊசி" என்று சொல்லிவிட்டேன். நுணலும் தன் வாயால் கெடும். அடுத்த பஸ்ஸிலேயே அவன் பிச்சாட்டூருக்கு ஏறினான்.

எனக்கும் பயம்தான், மறைப்பானேன். அவளோடு சென்னைக்குப் போய் டாக்டரம்மாவையே கேட்டேன். அந்த ஊசியில் எய்ட்ஸ் கிருமியே இல்லை, அதனால் நோய் வராது என்றார். அப்புறம், ஒரே ஊசியைப் பத்துப் பேருக்குப் போட்டாலும் பத்து உடம்பும் ஒரே மாதிரி எதிர்ப்புச் சக்தி காட்டாதாம். வயசு, எடை, தூக்கம், புகை, குடி, மனக்கவலை எல்லாம் அதில் கைவைக்கலாமாம், எது எவ்வளவு என்று இன்னும் சரியாகத் தெரியாததால்தான் இத்தனை கேள்வியாம். சொல்லிக்கொண்டே அட்டையைப் படித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூன்றாம் நாளுக்கு நேரே, 'நைனா பக்கத்தில் உட்கார்ந்து பீடி, ஒன்பது' என்று இருந்தது. பெத்த அப்பனை இப்படியா காட்டிக்கொடுப்பே என்று வெளியில் வந்து கேட்டால், "நான் பொய் எழுதினா ஊருக்கெல்லாம் பொய் மருந்துதான் நைனா வரும்" என்கிறாள். ரேஷன் கார்டில் வயசைக்கூட உண்மையாகச் சொல்லாத குடும்பத்தில் இப்படி ஒரு பிறவி. தூக்கம் கெடுகிறது என்று நைட் ஷிப்டையும் விட்டுவிட்டாள். நான் பீடியைத் தறிக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டேன். உங்கள் தங்கை அங்கேயும் வருகிறாள்.

உனக்கு ஏம்மா இந்த வேலை என்றும் கேட்டேன். "நம்ம தெரு லட்சுமம்மா அக்கா புருஷன் லாரி ஓட்டிக்கினு இருந்து இந்த நோயிலதான செத்தாரு. அந்தக்கா டீ குடிச்ச டம்ளரை நம்ம ஊட்லதான நைனா தூக்கிப் போட்டோம்" என்றாள். போட்டது நான்தான் மச்சான். என் மகள் என்னைவிடப் பெரிய மனுஷி ஆகிவிட்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கமும் நிறையப் பெருமையும் இருக்கிறது.

ஆகவே, என் வாய் செய்த குற்றத்துக்கு அவளைத் தண்டிக்காமல், இந்த மச்சானை மன்னித்து, பேசினபடி தையில் கல்யாணத்தை நடத்திக்கொடுக்கக் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகள் நோய் நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்
வரதராஜன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் உங்கள் மகன் தனசேகரே வந்து நின்றான். "மாமா, இந்த ஊசியப் பத்தி கல்பனாவுக்குச் சொன்னதே நான்தான். நான் ஆடி மாசமே போட்டுக்கினேன். எங்கப்பாகிட்ட சொல்லத்தான் பயம்" என்றான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் கல்பனா அவனுடைய அட்டையை வாங்கிப் பார்த்தாள். 'புகை இல்லை, குடி இல்லை' என்று எழுதியிருக்கிறான். சட்டைப் பையில் சிகரெட் பாக்கெட் எட்டிப் பார்க்கிறது. "ஊசி போட்டுக்கினது பெருமைதான். டாக்டர்கிட்டயே பொய் சொன்ன ஆளை நான் எப்படி நம்புறது? திங்கக்கிழமை போய் உண்மையச் சொல்லிட்டு வா, அப்புறம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டாள். எனவே மச்சான், மேலே நான் கேட்ட மன்னிப்பையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். தையில் கல்யாணம் உண்டா இல்லையா என்று இனி நீங்கள்தான் நகரிக்கு வந்து கல்பனாவைக் கேட்கவேண்டும்.