நனைய வேண்டிய பாய்கள்

மட்டாஞ்சேரி,
9-7-1984

சிரஞ்சீவி மாப்பிள்ளை வெங்கிடேஸ்வரனுக்கு மாமனார் பிச்சுமணி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. நான் இங்கே சுகம். நீங்களும் பாக்கியலக்ஷ்மியும் திருவனந்தபுரத்தில் சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால், உடம்பு தேறிய பிறகு இந்தக் கடிதத்தைப் படித்தால் போதும். ஊர்ச் சமாசாரம், மழை. வீட்டுச் சமாசாரமும் அதேதான்.

மே மாதக் கடைசியில் நீங்கள் வந்து, என் வீட்டுக்கு எதிரே புதுச் சாலையின் கரைச்சரிவில், தேங்காய்நார்க் கயிற்றால் வலைபோலப் பின்னிய பாய்களை விரித்து, அவற்றின் கண்களில் புல் நட்டுவிட்டுப் போனீர்கள். அப்போது சொன்னதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. கொட்டின செம்மண் வெறுமனே கிடந்தால் மழையில் கரைந்து கால்வாயில் இறங்கிவிடும். பாய் அதைப் பிடித்துக்கொள்ளும். புல் வேர் விட்ட பிறகு பாய் மக்கிப்போனாலும் கவலையில்லை. சாலையில் விழும் தண்ணீரும் லாரி அழுக்கோடு நேரே கால்வாய்க்குப் போகக் கூடாது, ஓரத்தில் வெட்டின குழியில் சற்றுத் தங்கி, கசடைக் கீழே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் மேலதிகாரி இதைக் 'கால்மிதி வேலை' என்று சிரித்ததையும் சொன்னீர்கள். இந்தத் துண்டுக் கரை மழைக்கு நின்றால் மிச்சச் சாலையும் இதே மாதிரி. மேற்பார்வைக்கு உங்களையே இங்கே போடுவார்கள். நீங்களும் பாக்கியமும் என்னோடு இந்த வீட்டிலேயே இருக்கலாம். நிற்காவிட்டால் கருங்கல் சுவர், உங்களுக்குக் காசர்கோட்டுக்கு மாற்றல். "மாமா, மழை வரும்போது ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்" என்றீர்கள். நான் இரண்டு கண்ணையும் வைத்தேன். கோளாறு கண்ணில் இல்லை.

கோளாறு இந்த ஊர் மனிதர்களின் நல்ல குணத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரியில் தரையில் விரித்துப் போட்ட எதுவும் மழைக்கு முன்னால் உள்ளே போய்விட வேண்டும். சுக்கோ மிளகோ மஞ்சளோ மீனோ, யாருடையது என்று பார்க்க மாட்டார்கள். பேச்சுவார்த்தை இல்லாதவன் வீட்டு மிளகானாலும் வாரி வைத்துவிட்டுத்தான் மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பண்டகசாலையில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். முதல் துளி விழுந்தால் என் காலும் தானாகவே எழுந்து நிற்கும். ஜூனில் முதல் மழை வந்த அன்று நான் ரேடியோவில் உங்கள் ஊர் மழை நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே கூச்சல். "அய்யோ, சார் வீட்டுப் பாய் நனையுதே! ஓடி வாடா ராசப்பா!" என்று கத்தியவள் சுக்கு காயப்போடுகிற காளியம்மை. ராசப்பன் மூட்டை தூக்குகிறவன். அவனோடு சாயாக்கடை ஓமனாவும் ஓடி வந்தாள். நான் செருப்பைத் தேடிக் கண்டுபிடித்து வாசலுக்கு வருவதற்குள், கரை முழுக்கப் பாயை உரித்துச் சுருட்டி என் வராந்தாவில் அடுக்கிவிட்டார்கள். "ஒரு இழை நனையல்ல சாரே" என்றான் ராசப்பன், நெஞ்சு நிமிர்ந்து. "அது நனையத்தான் போட்டது" என்றேன். காளியம்மை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஓமனா, சாருக்கு உடம்பு சுடுதான்னு தொட்டுப் பாரு" என்றாள். ஓமனா தொட்டுப் பார்த்து, சூடில்லை என்று சொன்னாள். மழை விடுகிறவரை மூன்று பேரும் வராந்தாவிலேயே இருந்தார்கள். நான் தேநீர் போட்டேன். பாக்கியத்தின் அம்மா போன பிறகு அந்த அடுப்பில் ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் வைத்ததே இல்லை. அளவு தெரியாமல் பாத்திரம் பொங்கி வழிந்தது. மழை எப்போது விட்டது என்று கேட்காதீர்கள், நான் கவனிக்கவில்லை.

மறுநாள் ஆள் வைத்துப் பாயை மறுபடி விரித்து மூங்கில் முளை அடித்தேன். அடுத்த மழையில் முளைகளையும் பிடுங்கித் துணியில் முடிந்து, "ஒண்ணும் காணாமப் போகல்ல, எண்ணிக்கோ சாரே" என்று கொடுத்துவிட்டார்கள். நீங்கள் வெட்டிய குழியை ராசப்பன் உடைந்த கூரை ஓடுகளைப் போட்டு நிரப்பிவிட்டான். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் விழுந்துவிடுமாம். இது அரசாங்கக் குழி என்றேன். "அரசாங்கக் குழியில விழுந்தா மட்டும் காலு ஒடியாதா?" என்றான். பிறகு ஒரு பலகை எழுதினேன். தமிழில் மட்டும் எழுதினால் இங்கே பலருக்குப் படிக்கத் தெரியாது என்று ஓமனாவிடம் சொல்லி மலையாளத்திலும் எழுதி வாங்கினேன்: 'இந்தப் பாய்களை மழையில் விட்டுவிடவும்.' நல்ல பெயின்ட், பெரிய எழுத்து. அன்று மத்தியானமே மழை. பாய்களை எடுத்தார்கள், பலகையையும் எடுத்து வந்தார்கள். பெயின்ட் காயவில்லையாம், எழுத்து அழிந்துவிடுமாம். எழுதிக் கொடுத்த ஓமனாதான் பலகையைத் தன் தலைத்துண்டால் மூடிக்கொண்டு ஓடி வந்தாள் என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

கடைசியில், மாப்பிள்ளை, நானே போய்ப் பாயின் மேல் உட்கார்ந்துகொண்டேன். போன வியாழக்கிழமை மேகம் கறுத்ததும் குடையும் நாற்காலியுமாகச் சரிவுக்குப் போனேன். நாற்காலி சரிவில் நிற்கவில்லை. அதை விட்டுவிட்டுப் பாயிலேயே உட்கார்ந்தேன். மழை பிடித்தது. காற்றில் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. மூன்று பேரும் ஓடி வந்தார்கள். "எழுந்திரிக்க மாட்டேன்! இது என் மாப்பிள்ளையின் டிசைன்!" என்று கத்தினேன். மழைச் சத்தத்தில் அது அவர்கள் காதில் எப்படி விழுந்ததோ தெரியாது. ராசப்பன் மிளகு மூட்டையைத் தூக்குகிற மாதிரி என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். மூட்டையில் மாட்டி இழுக்கிற கொக்கியை மட்டும் என் மேல் போடவில்லை. வராந்தாவில் முதலில் என்னை இறக்கினான், பிறகு பாய்கள் வந்தன, பிறகு நாற்காலி. காளியம்மை என் தலையைத் துவட்டினாள். ஓமனா கடையிலிருந்து பால் விடாத கட்டன் சாயா கொண்டு வந்து, குடித்து முடிக்கிறவரை எதிரே நின்றாள். "வீட்டுல ஒரு ஆளு இல்லாட்டா இப்படித்தான்டீ ஆகும்" என்று காளியம்மை அவளிடம் மெல்லச் சொன்னாள். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இப்போது கரையின் நிலைமை சொல்கிறேன். மேல்பக்கம் மண் அரித்து வாய்க்கால் வாய்க்காலாக இறங்கியிருக்கிறது. கால்வாய்த் தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி ஓடுகிறது. நீங்கள் நட்ட புல்லில் பாதி, சுருட்டின பாயோடு என் வராந்தாவில் முளைவிட்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை உங்கள் மேலதிகாரி பார்வையிட வருகிறாராம். அவர் கரையைப் பார்த்தால் காசர்கோடு நிச்சயம். வராந்தாவைப் பார்த்தால் உங்களுக்குப் பைத்தியக்கார மாமனார் என்பதும் நிச்சயமாகிவிடும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மேகம் கறுக்கும்போதெல்லாம் கரை போய்விடுமே என்றுதான் வாசலுக்கு ஓடுகிறேன். ஆனால் கை தானாகப் போய்ப் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்துவிடுகிறது. இந்தக் காவலுக்கு நான் லாயக்கில்லாதவன். ஆகவே கடிதம் கண்டவுடன் அடுத்த ரயிலிலேயே நீங்கள் கிளம்பி வந்து இவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

பாக்கியத்துக்கு என் ஆசீர்வாதம். ஈரத் தலையோடு வெளியே போக வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் இருவருக்கும் பகவான் எல்லா நலத்தையும், பக்கத்திலேயே ஒரு உத்தியோகத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமனார்
பிச்சுமணி

பி.கு.: மேலே எழுதியதெல்லாம் ரத்து. நீங்கள் வர வேண்டாம். கடிதத்தை முடித்த அன்று தபாலில் போடக் கிளம்பினேன். மழை. சாயாக்கடையில் ஒதுங்கினேன். ஓமனா உறையைப் பார்த்து "மகளுக்கா சாரே?" என்றாள். மாப்பிள்ளைக்கு என்று சொல்லி, கரை போனால் மகள் காசர்கோட்டுக்குப் போய்விடுவாள், நின்றால் என்னோடு வந்து இருப்பாள் என்றேன். இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. ஒருவன் காத்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் ஊர் அவனை ஒரு மாதிரி பார்க்கும். ஓமனா கையிலிருந்த டம்ளரை வைத்துவிட்டாள். "எந்தா சாரே இது! பாயி நனையணும், பாயி நனையணும்னு இத்தனை நாளா சொன்னீங்களே, மகளு வரும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமல்லோ!" என்றாள். அன்று சாயங்காலமே மூன்று பேரும் பாய் விரித்து, முளை அடித்து, புல் நட்டு, அரித்த இடத்தில் மண் போட்டு மிதித்து, குழியிலிருந்த ஓடுகளை அள்ளி வெளியே போட்டு, பிள்ளைகள் விழாமலிருக்க அதைச் சுற்றிக் கம்பும் நட்டார்கள்.

அதற்குப் பிறகு விடாத மழை. ராசப்பன் தன் வீட்டு வாசலில் இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காளியம்மை பார்க்கச் சகிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். நேற்று உங்கள் மேலதிகாரி வந்தார். குடை நுனியால் கரையைக் குத்திப் பார்த்தார், குழியிலிருந்து வெளியேறும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார், "புல் பிடிக்கட்டும், மிச்சத்தையும் இப்படியே போடலாம்" என்றார். சிங்க மாதம், அதாவது நம் ஆவணி, பிறந்ததும் உங்களுக்கு இங்கே உத்தரவாகுமாம். மிகவும் சந்தோஷம். இந்த மழை தொடங்கிய அன்றே பழக்கத்தில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். யாரும் வரவில்லை. பாய்தான் நனைய வேண்டுமே, எதற்கு வருவார்கள்?

சிங்கம் பிறக்க இன்னும் ஒரு முழுக் கர்க்கடகம், நம் ஆடி மாதம், மழையோடு பாக்கியிருக்கிறது. நீங்கள் விட்டுப்போனதில் ஒரு பாய்ச்சுருள் மிச்சமிருந்தது. இன்று காலை அதை என் வாசலில் விரித்து வைத்தேன். அதற்கும் சாலைக்கும் சம்பந்தமில்லை. அது நனையலாமா கூடாதா என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் அவர்களுக்கு எழுதிவிட வேண்டாம்.